ஃபயர் வேண்டாம் சார்

சாலமன்ராஜ் சார் பன்னிரண்டு வருடம் கொல்கத்தாவில் கால்பந்து ஆடியவர். முன்னால் நின்று கோல் போடுவதுதான் அவர் வேலை. முழங்கால் மக்கர் செய்யத் தொடங்கியதும் ஆட்டத்தை விட்டுவிட்டார். இந்த வருடம் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியின் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

அவர் வந்த பிறகு அந்த அணி மூன்று ஆட்டம் ஆடியது. போட்ட கோல் எத்தனை என்று கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஒன்றுகூட இல்லை.

இத்தனைக்கும் பிள்ளைகள் நன்றாக ஓடினார்கள். பந்தை அழகாகக் கடத்தினார்கள். கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும்தான் வம்பு. சார் வெளியே நின்று "ஃபயர்" என்று கத்துவார். பந்தை அடி என்று அர்த்தம். கொல்கத்தாவில் அவருடைய கோச் அப்படித்தான் கத்துவாராம். உடனே பந்து வைத்திருப்பவளின் கால் பந்தை விட்டு விலகிவிடும். எதிரணிக்காரி சாவகாசமாக வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

அப்படி அதிக தடவை விலகியது ஏழாம் வகுப்பு இசைவாணியின் கால்.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் சார் எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஆடத் தெரிஞ்ச அளவுக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல போலருக்கு. சனிக்கிழமை காரியாபட்டியோட ஆடுறோம்ல, அதோட நான் ஊருக்குக் கெளம்புறேன். அண்ணன் உரக்கடை வச்சிருக்கான். அங்கன இருந்துக்கிறேன்."

இசைவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை கோலைத் தவறவிட்டும் சார் அவளை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அவர் போவது தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா மாரித்தாய் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. தம்பி செழியன் பழைய காலண்டர் தாள்களைப் பந்தாகச் சுருட்டிச் சுவரில் உதைத்துக்கொண்டிருந்தான். அக்காவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவனுக்கு இதே பிழைப்பு.

"ஃபயர்" என்று கத்திக்கொண்டு ஓர் உதை விட்டான்.

அடுத்த நொடி மூன்று பேரும் தெருவில் நின்றார்கள். அம்மாவின் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் செழியன். எதிர்வீட்டுப் பொன்னுத்தங்கம் அக்காவும் கைக்குழந்தையோடு வெளியே வந்துவிட்டார். எப்போது எழுந்தோம், எப்படி ஓடிவந்தோம் என்பதே இசைவாணிக்குத் தெரியவில்லை.

"ஏலே, அத வெளையாட்டுக்குக்கூடச் சொல்லாத" என்றாள் அம்மா. "கம்பெனில அந்தச் சத்தம் கேட்டா கையில உள்ளத அப்படியே போட்டுட்டு ஓடணும். திரும்பிப் பாக்கக் கூடாது."

ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளியிலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருடா வருடம் தீயணைப்புக்காரர்கள் வந்து ஓடவும் விட்டுப் பார்ப்பார்கள். 'கையில் உள்ளதைப் போட்டுவிட்டு' என்று இசைவாணி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது.

குழம்பு அடிபிடித்த வாடை வந்த பிறகுதான் எல்லாரும் உள்ளே போனார்கள்.

மறுநாள் மற்றவர்கள் வரும் முன்பே இசைவாணி மைதானத்துக்குப் போனாள்.

"சார், எங்களுக்கு நல்லா அடிக்கத் தெரியும். நீங்க ஃபயர்னு சொல்றீகள்ல, அப்பப் பந்தப் போட்டுட்டு ஓடத்தான் தோணுது."

தெருவில் நின்றதைச் சொன்னாள். அம்மாவின் கரண்டியையும் சொன்னாள். சார் சிரிக்கவில்லை.

"இத்தன நாளா உங்கள நான்தான் பயமுறுத்திக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். "உன் காலு ஒரு தப்பும் பண்ணலத்தா. பெரியவுக சொன்ன பேச்சக் கேட்டிருக்கு. சரி, வேற என்ன சொல்லிக் கத்தட்டும்? அடின்னு சொல்லவா?"

"அடின்னா எங்க கணக்கு சார் ஞாபகம் வரும்" என்றாள் அப்போதுதான் வந்த வினோலியா. அவளும் அணியில் ஆடுகிறவள்தான்.

இசைவாணி யோசித்தாள். எதைக் கேட்டால் எல்லாரும் முன்னால் பார்த்து ஓடுவார்கள்? தினமும் சாயங்காலம் கம்பெனி வேன் அம்மாக்களைத் தெருமுனையில் கொண்டுவந்து இறக்கும். முதலில் பார்க்கும் பிள்ளை "வேன் வந்துருச்சு" என்று கத்தும். அவ்வளவுதான், தெருவே ஓடும். அம்மாவின் பையில் வடை இருந்தாலும் இருக்கும்.

சாரிடம் சொன்னாள். "இதுவா?" என்று கேட்டுவிட்டு, சார் ஒரு தடவை கத்திப் பார்த்தார். கூச்சமாக இருந்தது. ஆனால் வினோலியா அதற்குள் பந்தை வலைக்குள் தள்ளியிருந்தாள்.

சனிக்கிழமை காரியாபட்டிப் பிள்ளைகள் வந்ததும் வராததுமாக இரண்டு கோல் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் வினோலியா தட்டிய பந்து இசைவாணியிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான்.

"ஃப..." என்று ஆரம்பித்த சார், சட்டென்று தன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "வேன் வந்துருச்சு" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

இசைவாணியின் கால் விலகவில்லை. கோல்கீப்பர் எந்த வேன் என்று வாசல் பக்கம் பார்த்தாளாம். பார்க்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பந்தைத் தடுத்திருக்க முடியாது. அம்புட்டு வேகம்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். ஆனால் ஜெயித்தவர்களைவிட இவர்கள்தான் அதிகமாகக் குதித்தார்கள். சார் ஓரமாக நின்று பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இசைவாணி மெல்லப் பக்கத்தில் போனாள்.

"சார், நாளைக்கு ஊருக்குக் கெளம்பிருவீகளா?"

"நாளைக்கு எப்படிப் போக? கோயில் முடிஞ்சு வந்து, நாலு மணிக்குப் பிராக்டிஸ் இருக்குல்ல" என்றார் சார். "ரெண்டாவது கோல் போட வேணாமா?"