கட்டிப் போட்ட கை

காலை ஏழரைக்கே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள்.

"நோயில போன கை ஒண்ணு, பொண்டாட்டி கட்டிப் போட்ட கை ஒண்ணு. என் தம்பி எந்தக் கையால சாப்பிடுவான்?"

தம்பியின் மனைவியான அவள், கணவனின் நல்ல இடது கையில் பஞ்சு அடைத்த கையுறையை மாட்டிப் பட்டையை இறுக்கினாள். அவன் முடிதிருத்துபவன். எத்தனையோ பெரிய மனிதர்களை ஒரே விரலால் தலைகுனிய வைத்த வலது கை, பக்கவாதம் வந்த ஒரு மாதமாக, யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்போல மடியில் கிடந்தது. பக்கவாதத்துக்கென்றே தனியாகப் படித்த பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்ன வழி இது. விரல்கள் லேசாக அசைகின்றன. நல்ல கையைப் பகலில் ஆறு மணி நேரம் கட்டிப் போட்டால், வேறு வழியில்லாமல் மற்றது வேலை கற்றுக்கொள்ளும்.

"அண்ணி, ரெண்டு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் கழட்டிடாதீங்க. சிந்தினாலும் அவரே சாப்பிடட்டும்."

"கழட்டலை தாயே. நீ போய் ஊரார் சட்டையைத் தேய். அவனை நான் பார்த்துக்கிறேன்."

இப்படியே நான்கு வாரம். சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்பு... மறுபடி அவன் கத்தரிக்கோல் பிடிப்பானா? தெருவிலோ அவளுக்குப் பட்டப்பெயரே வந்துவிட்டது: ‘கைவிலங்கு’. அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. நாத்தனாருக்குக் கால் நன்றாகவே இருந்தது.

ஐந்தாம் வாரம் மூவரும் சிகிச்சை அறையில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் நடுவில் தடுப்பு வைத்த பெட்டி. இந்தப் பக்கத்து மரக்கட்டையை எடுத்து அந்தப் பக்கம் போட வேண்டும். அவனால் ஒன்றுகூட முடியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் கையுறையை வாங்கி, உட்புறத்தைத் திருப்பி மோந்து பார்த்தாள்.

"தினம் ஆறு மணி நேரம் போட்டிருந்தா இது இந்நேரம் நாறணும். புதுசு மாதிரி இருக்கே... யார் கழட்டினது?"

மனைவி நிமிர்ந்து நாத்தனாரைப் பார்த்தாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை. தாயில்லாத தம்பிக்காகத் தன் கல்யாணத்தையே வேண்டாம் என்றவள். ‘அண்ணிதான்’ என்ற ஒரு வார்த்தையில் அவளுடைய மொத்த வாழ்க்கையும் குற்றமாகிவிடும்.

"நான்தான்," என்றாள் மனைவி. "பாவமா இருந்துச்சு... போடலை."

"அப்போ இதை நிறுத்திடலாம்மா. வீட்டுல செய்யலைன்னா இங்க நான் செய்யறதுல பிரயோஜனம் இல்லை."

அவன் வாய் கோணிக் கோணி அசைந்தது. "அவ... இல்ல. நான்... கேட்டேன். அக்கா... கழட்டிச்சு. ஊட்டுச்சு."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தட்டு முன்னாடி பசியோட அழறான்டி... பார்த்துட்டு எப்படி இருப்பேன்? உன்னை ஊரெல்லாம் ராட்சசின்னு சொன்னேனே. ராட்சசி நான்தானா?"

பிசியோதெரபிஸ்ட் குரலைத் தணித்தாள். "கையைப் பிடிச்சு ஆட்டுறதுதான் என் வேலைன்னு நினைக்கிறாங்க. அப்படி ஒரு கை இருக்குன்னு மூளைக்கு ஞாபகப்படுத்துறதுதான் என் வேலை. அதுல ஒரு மணி நேரம் நான், மீதி நேரமெல்லாம் நீங்க. முதல் மூணு மாசத்துலதான் வேகமா திரும்பும். அதுல ரெண்டு மாசம் போச்சு; கடைசி மாசம் வீணா."

"கத்தரிக்கோல்...?" என்றாள் அவள்.

"ஸ்பூன் பிடிக்க வைக்கப் பார்க்கிறேன். அதுக்கு மேல என்னால சொல்ல முடியாதும்மா."

நாத்தனாரைத் திட்டுவதற்கு அவளிடம் ஒரு மாதத்து வார்த்தைகள் இருந்தன. அவள் குனிந்து அவன் இடது கையில் கையுறையை மாட்டினாள். அவன் வலது கை நடுங்கிக்கொண்டே கட்டையை நோக்கி நகர்ந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. தன்னையறியாமல் நாத்தனாரின் கை உதவிக்கு நீண்டது.

அவள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி. பார்த்துக்கிட்டு இருப்போம். நானும் இருக்கேன்ல."

நாத்தனார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அவன் விரல்கள் கட்டையை ஒரு நொடி பற்றின. கட்டை நழுவிப் பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.