இடது கால் பூட்ஸ்

"சர்க்கரையை நிறுத்தலைன்னா இந்த விரலை எடுத்துடுவாங்க" என்றார் நர்ஸ்.

சிறுமி பனாம்பி குனிந்து பார்த்தாள். அப்பாவின் இடது கால் பெருவிரலில் இருந்த புண் மூன்று மாதமாக ஆறவே இல்லை. அப்பா எலிஹியோ சிரித்தார். "பத்து விரல் இருக்குல்ல சிஸ்டர், ஒண்ணு போனா என்ன?"

நர்ஸ் சிரிக்கவில்லை. "மாத்திரை, புண்ணுக்குக் கட்டு, சர்க்கரைக்கு முழுக்கு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பார்ப்போம்."

பராகுவேயில் ஒரு மனிதனைச் சர்க்கரை இல்லாமல் கொசீதோ பானம் குடிக்கச் சொல்வது பெரிய தண்டனை. தினமும் காலையில் அம்மா தேயிலை மாதிரியான மாத்தே இலையோடு ஒரு பிடி சர்க்கரையைச் சட்டியில் போட்டு, அதன்மேல் நெருப்புத் துண்டத்தை உருட்டுவாள். சர்க்கரை பொசுங்கிப் புகை எழும். வெந்நீர் ஊற்றி வடிகட்டிப் பாலைக் கலந்தால் தெருவே மணக்கும்.

"வெறும் கசாயத்தை நான் குடிக்கமாட்டேன்" என்று அப்பா முறுக்கிக்கொண்டார். கடைசியில், "சரி, சரி. இனிமே சர்க்கரையே தொடமாட்டேன். சத்தியம்" என்றார்.

பனாம்பி சும்மா இருக்கவில்லை. பள்ளித் தோட்டத்தில், சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புத் தரும் சீனித்துளசிச் செடியில் நான்கு குச்சிகளைக் கேட்டு வாங்கிவந்து, எண்ணெய் டின்னில் நட்டாள். மூன்று அழுகிப்போயின. ஒன்று மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒரே மாதத்தில் ஒரு சாண் வளர்ந்து இலையாய் நின்றது.

ஒரு குளிர்ந்த காலையில் அவள் எல்லா இலைகளையும் உருவினாள். ஒரு பிடி சர்க்கரைக்கு ஒரு பிடி இலை. கணக்குச் சரிதானே? சட்டியில் போட்டு நெருப்பை உருட்டினாள்.

அவ்வளவுதான்! கரும்புகை வீட்டை நிறைத்தது. கோழிகள் அலறிக்கொண்டு ஓடின. அம்மா இருமிக்கொண்டே கதவைத் திறந்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். அவர் முகம் பிழிந்த துணி மாதிரி சுருங்கியது.

"பனாம்பி, என்னைக் கொல்லப் பாக்குறியா? வேப்பங்காய் தேவலாம்!"

டின்னில் மொட்டைக் குச்சிதான் மிச்சம். இன்னும் நான்கு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. பனாம்பி கட்டிலடியில் உட்கார்ந்து அழுதாள்.

அழும்போதுதான் எறும்புகளைப் பார்த்தாள். அவை சுவர் ஓரமாக வரிசையாய் நடந்து, அப்பாவின் இடது பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தன. புண் வந்ததிலிருந்து அப்பா அதைப் போடுவதே இல்லை. அடியில் ஓட்டை வேறு.

கையை விட்டாள். ஒரு பொட்டலம் வந்தது. சர்க்கரை!

பொட்டலத்தை அப்பாவின் முன்னால் பொத்தென்று வைத்தாள்.

"எத்தனை நாளா?"

அப்பா கூரையைப் பார்த்தார். "அது... ரெண்டே ரெண்டு ஸ்பூன்தான்..."

"எத்தனை நாளாப்பா?"

"ஒரு மாசமா."

"நான் பொய் சொன்னா காதைத் திருகுவீங்க. நீங்க பொய் சொன்னா நான் எதைத் திருகுறது? உங்க விரலையா? அதுதான் போகப்போகுதே!"

அப்பாவின் முகம் வெளுத்தது. சர்க்கரையை அவரே எடுத்துப்போய் அம்மாவிடம் கொடுத்தார்.

பத்து நாளில் மொட்டைக் குச்சி துளிர்விட்டது. குச்சி நெடுகக் குட்டி இலைகள். பனாம்பி ஒன்றைக் கிள்ளி மென்றாள். அம்மாடி! ஒரு துணுக்கு இலைக்கு இத்தனை இனிப்பா? அப்படியானால் ஒரு பிடி போட்டது தப்பு. நெருப்பில் போட்டது அதைவிடப் பெரிய தப்பு.

மறுநாள் மாத்தே இலையை மட்டும் பொசுக்கினாள். வெந்நீர் ஊற்றி, வடிகட்டி, பால் கலந்தாள். கடைசியில் இரண்டே இரண்டு இலைகளைக் கசக்கிப் போட்டு மூடிவைத்தாள்.

அப்பா சந்தேகத்தோடு உறிஞ்சினார். அவர் கண்கள் விரிந்தன.

"அடி கள்ளி! சர்க்கரை போட்டுட்டே!"

"போடலை."

"சத்தியமா?"

"உங்க சத்தியம் மாதிரி இல்ல, நெசமாவே போடலை. வேணும்னா பூட்ஸுக்குள்ள தேடிப் பாருங்க."

அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த மரவள்ளி ரொட்டி கீழே விழுந்தது. அப்பா டம்ளரைச் சாய்த்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். "நாளைக்கும் இதுதானே?" என்றார் மெதுவாக.

பரிசோதனை நாளில் நர்ஸ் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "நல்லா குறைஞ்சிருக்கு. புண்ணும் காய ஆரம்பிச்சிருக்கு. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. விரல் தப்பிச்சது!"

பனாம்பி அப்பாவின் கால் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள். பத்து.

மேலும் ஒரு மாதத்தில் புண் முழுவதும் ஆறியது. வேலைக்குப் புறப்பட்ட அப்பா வலது பூட்ஸை மாட்டிக்கொண்டு வீடெல்லாம் தேடினார். "என் இடது பூட்ஸ் எங்கே?"

பனாம்பி ஜன்னலைக் காட்டினாள். பூட்ஸ் நிறைய மண். அதில் ஒரு சாண் உயரத்துக்குச் சீனித்துளசி.

"அய்யய்யோ, என் பூட்ஸ்!"

"அடியில ஓட்டை இருக்குல்லப்பா, தண்ணி நல்லா வடியுது" என்றாள் பனாம்பி. "இனிப்பை ஒளிச்சு வைக்க நீங்க கண்டுபிடிச்ச இடம் நல்ல இடம்தான்."

அன்று அப்பா வலது காலில் பூட்ஸும் இடது காலில் செருப்புமாக வேலைக்குப் போனார்.