உள்ளே திறக்கும் கதவு

மூன்றாவது நாளாகக் கதவின் உள்பக்கம், அடியில், மரத்தூள் விழுந்து கிடந்தது. முந்தின மாலை அவளே பெருக்கிவிட்டுப் போன இடம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். தூள் இல்லை. சிம்பு சிம்பாக, நகத்தால் பிய்த்தெடுத்தது போல.

எரிந்துபோன பழைய மரத் தேவாலயத்தில் மிஞ்சியது இந்தக் கதவு ஒன்றுதான். இதற்குப் பின்னால் பதினொரு பேர் மாண்டிருந்தார்கள். உள்பக்கமாகத் திறக்கும் கதவு. முண்டியடித்த கூட்டமே அதைத் திறக்கவிடாமல் அடைத்துக்கொண்டது. இதையும் கொளுத்திவிடுங்கள் என்று ஊரே சொன்னது. புதுத் தேவாலயத்தை வரைந்து எழுப்பியவள் அவள். அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். பழைய முறைப்படி ஆணியில்லாமல் கோத்த மரச்சட்டங்கள், பக்கச் சுவர் இரண்டும் முழுக் கண்ணாடி, முகப்பில் அந்தக் கரிந்த கதவு. வரைபடத்தில் அத்தனை அழகாக இருந்தது. எஃகுக் கீல் போட்டு, வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டினாள். பழைய தப்பு அதோடு தீர்ந்தது என்று நினைத்தாள்.

சிம்புகளைக் காட்டியபோது தச்சர் சிரித்தார். எலிக்கும் பக்தி வரக்கூடாதா என்று கேட்டார். ஆனால் அன்று முழுக்க மனிதர் கதவுப் பக்கம் வரவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு நாள்தான் இருந்தது. மத்தியானம் பள்ளி விட்டு வந்த மகள், பாட வேண்டிய பாட்டைப் பாடிப் பார்க்க உள்ளே போனாள். அம்மா வெளியே படிகளை அளந்துகொண்டிருந்தாள். புது வார்னிஷும் அறுத்த மரமும் கலந்த இனிப்பு வாசனை. அதற்கு அடியில் எங்கோ லேசாகப் புகை. பாட்டு பாதி வரியில் நின்றது.

"என்னடி, மறந்துபோச்சா?"

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கதவைத் திறயேன். எல்லாரும் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நகருங்கன்னா நகர மாட்டேங்கிறாங்க."

இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள். ஏனென்று தெரியாமல் தள்ளினாள். வெளியே மட்டுமே திறக்கக்கூடிய அந்தக் கதவு, ஒரு விரற்கடை உள்ளே போனது. மெத்தென்ற எதிலோ இடித்தது. திரும்பி வந்து மூடிக்கொண்டது.

பக்கச் சுவருக்கு ஓடினாள். உள்ளே பளீரென்று வெயில். காலி பெஞ்சுகள். கதவோடு கதவாக மகள் மட்டும், கன்னம் மரத்தில் நசுங்க, பாதம் தரையில் படாமல். அவளுக்குப் பின்னால் யாருமே இல்லை.

கல்லை எடுத்து அடித்தாள். உடையாத கண்ணாடி. அவளே தேடிப் பிடித்தது.

அப்போது கண்ணாடியின் உள்பக்கம் மூச்சுப் பட்டு ஆவி படிந்தது. பக்கத்தில் இன்னொன்று. முக உயரத்தில், வட்ட வட்டமாக. எண்ணக் கூடாது என்று நினைத்தபடியே எண்ணினாள். பதினொன்று.

கதவருகே பார்த்தாள். சிம்புகள் மட்டும்.

கண்ணாடியில், அவள் நெஞ்சு உயரத்தில், சின்னதாக இன்னொரு வட்டம்.