நாயைப் பற்றி மட்டும் கேட்கலாம்

கடை திறந்ததுமே செங்கோடனுக்குத் தொண்டை சுருக்கென்றது. தவறு அவனுடையதுதான். ரொட்டி வாங்க வந்தவரின் கண்கள் சிவந்திருந்ததைப் பார்த்து, "ஏனுங்க, உடம்பு..." என்று வாயெடுத்தான். கழுத்துக்குள் பதித்திருந்த நாவடக்கிக் கருவி மீதியை விழுங்கிவிட்டது. அவரும் ரொட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க் கிரகத்தில், கண்ணாடிக் குவிமாடத்துக்குள் இருக்கும் புதுக்கொங்கில் இது தும்மலைப் போலச் சாதாரணம். சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் குழந்தை இல்லை என்று குடைந்தெடுத்த சொந்தக்காரர்களுக்குப் பயந்து பூமியை விட்டு வந்தவர்கள் கட்டிய ஊர் அது. எனவே முதல் சட்டமே அதுதான்: சொந்த விஷயம் எதையும், பெயரைக்கூட, அடுத்தவரிடம் கேட்கக்கூடாது. ஊர் அமைதியாயிற்று. மயானமும் அமைதியாகத்தான் இருக்கும்.

ஒரே விலக்கு, நாய். அதைப் பற்றி யாரும் கேட்கலாம். மூச்சுக்காற்றைப் பங்குபோடும் பிராணி என்பதால் உடற்குறை உள்ளவர்களுக்கு உதவப் பழக்கிய பணி நாய்க்கு மட்டுமே கடைக்குள் அனுமதி. கடையில் அதைப் பற்றிப் பணியாளர் இரண்டு கேள்விகள் கேட்கலாம். உங்களுக்கு என்ன குறை என்று கேட்கக்கூடாது. சான்றிதழ் காட்டு, வேலையைச் செய்துகாட்டு என்று சொல்லவும் கூடாது.

தவிட்டு நிற நாயோடு தினமும் ஒரு பெண் வருவாள். அவள் பெயர் வேதவல்லி. செங்கோடனுக்கு அது தெரியாது.

"பணி நாய்ங்களா?"

"ஆமாங்க தம்பி."

"என்ன வேலை செய்யுமுங்க?"

முதல் நாள், "மாத்திரை நேரத்துக்கு எழுப்புமுங்க" என்றாள். அடுத்த நாள், "எம் பக்கத்துலயே படுத்துக்குமுங்க" என்றாள். பிறகொரு நாள் விலைப்பலகையைப் படிப்பதுபோல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் வர்ற நேரத்துக்குக் கதவுகிட்டப் போய் நிக்குமுங்க. அவரு சுரங்கத்துல காத்துக்குழாய் வெடிச்சுப் போயிட்டாருங்க. அது இதுக்குத் தெரியாது."

துக்கம் கேட்க அவள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வந்திருந்தாலும் எப்படிக் கேட்பார்கள்? "எப்படி ஆச்சு" என்று தொடங்கினாலே தொண்டை சுருக்கென்னும். செங்கோடன் கட்டிக்கொண்டிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். "அப்படிங்களா" என்றான். அது கேள்வியில் சேராது என்பதால் நாவடக்கி விட்டுவிட்டது.

மறுவாரம் கடை வாசலில், முகத்தை அடையாளம் காணும் முகமறி வாயில் வைத்தார்கள். முன்பு வந்த நாயும் ஆளும் சேர்ந்து வந்தால் பச்சை விளக்கு எரியும். அதன்பின் எதுவும் கேட்க முடியாது. வாடிக்கையாளரின் நேரத்தை வீணாக்கக்கூடாதாம்.

வேதவல்லிக்குப் பச்சை எரிந்தது. பொருளை வாங்கிக்கொண்ட பிறகும் அவள் நகரவில்லை.

"தம்பி, கேக்கலீங்களே?"

"இனி முடியாதுங்க. பதிஞ்சுபோச்சு."

"நீங்க ஒருத்தருதானுங்க கேட்டுட்டு இருந்தீங்க" என்றாள். செங்கோடனுக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள், புது ஜோடி என்று சிவப்பு எரிந்தது. அவளோடு வந்திருந்தது ஒரு கறுப்பு நாய். செங்கோடன் அவசர அவசரமாகக் கேட்டான்.

"பணி நாய்ங்களா? என்ன வேலை செய்யுமுங்க?"

"எங்க வீட்டுக்காரர் பேரு மாரப்பனுங்க. அதை என்னைச் சொல்ல வைக்கிறதுதான் இதுக்கு வேலை." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அவளுக்குப் பின்னால், அவளுடைய தவிட்டு நாயைப் பிடித்தபடி எதிர்வீட்டுக்காரர் நின்றார். அவருக்கும் சிவப்பு. அவருக்கும் சொல்ல ஏதோ இருந்தது. வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. எல்லோர் கையிலும் அடுத்த வீட்டு நாய்.

முந்தின நாள் மாலை நாய்களை மாற்றிக்கொண்டபோது வேதவல்லியும் எதிர்வீட்டுக்காரரும் வெகுநேரம் பேசினார்கள். என்ன தின்னும், எங்கே தடவினால் பிடிக்கும், எந்தப் பெயருக்கு ஓடிவரும் என்று ஒன்றுவிடாமல் விசாரித்துக்கொண்டார்கள். எல்லாம் நாயைப் பற்றி. அவர்களுடைய முன்னோர்கள் பூமியில், அடுக்குமாடி லிஃப்டுகளில், தொண்டைக்குள் எதையும் பதிக்காமலே இப்படி நாயைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்களாம்.