ஒரு விரல் குறைந்த சட்டம்

நோரா கியோ கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்தாள்.

"என் புருஷன் மைல்ஸைப் போலீஸ்காரங்க பிடிச்சுட்டுப் போயிட்டாங்க சார். நாளைக்குக் கோர்ட்டு. வாங்க!"

துப்பறிவாளர் எஸ்ரா பெல் தொப்பியை எடுத்தார். உதவியாளன் ஃபின் அதற்குள் தெருவில் நின்றான்.

பாஸ்டனில் மைல்ஸின் பட்டறையில் பொன் பூசிய படச் சட்டங்கள் நிறையச் சாய்ந்திருந்தன. அவற்றில் ஒன்றுதான் வழக்கு. ஓர் அமெரிக்கக் கடல் ஓவியத்துக்காக மைல்ஸ் செய்தது. ஓவியத்தை அதில் பொருத்தியவன் அவன். வாங்கியவரிடம் சேர்த்தவர் தரகர் தேயர். இப்போது சட்டத்துக்குள் இருந்தது நகல்; அசலைக் காணவில்லை.

"நகல் ஒரு விரல் சின்னது," என்றார் அங்கே வந்திருந்த தேயர். "அதுக்காகச் சட்டத்தை அறுத்து, மூலையில மறுபடி மெல்லிசு தங்க ரேக்கு ஒட்டியிருக்கான். அது மைல்ஸுக்குத்தானே வரும்? நான் படம் விக்கிறவன். எனக்கு ரேக்குன்னா என்னன்னே தெரியாது."

பெல் மூலையை நகத்தால் சுரண்டினார். பொன்னுக்கு அடியில் பூசியிருந்த மண் மஞ்சள். மற்ற சட்டங்களின் தேய்ந்த ஓரங்களில் எல்லாம் சிவப்பு.

"மைல்ஸ் மஞ்சள் பூசுவானா?"

"செத்தாலும் மாட்டான்," என்றாள் நோரா.

"அப்போ வேற ஆளு!" ஃபின் குதித்தான்.

"சிவப்பு தீந்துபோயிருக்கும்," என்றார் தேயர்.

"இருக்கலாம்," என்ற பெல், மேசையிலிருந்த தட்டைத் தூரிகையால் ஒரு தங்க ரேக்கைத் தொட்டார். அது தூரிகையில் ஏறவில்லை, கசங்கியது. ஃபின் முயன்றான். ரேக்கு பறந்து அவன் மூக்கில் ஒட்டியது. நோரா செய்முறையைச் சொல்ல வாயைத் திறந்தாள். பெல்லின் பார்வை தடுத்தது. மூன்றாவது ரேக்கும் கிழிந்தது.

"அட, வீணாக்காதீங்கய்யா! கொடுங்க!"

தேயர் தூரிகையைப் பிடுங்கி, கன்னத்தில் ஒரு முறை தேய்த்து, மூச்சை அடக்கி, ரேக்கை முழுசாகத் தூக்கினார்.



"கன்னத்துப் பிசுக்கு பட்டாத்தான் ரேக்கு தூரிகையில ஏறும்," என்றார் பெல். "யோசிக்காமலே உங்க கை கன்னத்துக்குப் போச்சு, மிஸ்டர் தேயர். பல வருஷப் பழக்கம். அதை எதுக்கு மறைச்சீங்க?"

தேயர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"படம் எங்க?" என்றார் பெல்.

"என்... என் அறையில."

"புடிச்சோம்!" என்று ஃபின் கத்தினான்.

நோரா ஆணியிலிருந்து கணவனின் கம்பளிக் கோட்டை எடுத்துத் தேயரின் மார்பில் எறிந்தாள்.

"தூக்கிட்டு வாய்யா. அவனைப் பனியில வெறும் சட்டையோட இழுத்துட்டுப் போனாங்க. அவன் வெளிய வர்றப்போ நீதான் மாட்டிவிடணும்."