அப்பத்தின் அடியில் பிரசங்கம்

தேவாலய மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. பாதிரியார் ஆம்ப்ரோஸ் பெல்லோ மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

"என் பிரசங்கத்தைக் காணோம், தாம்சின்!"

மகளும் குனிந்து தேடினாள். வாசலில் பேராயரின் வண்டி வந்து நின்றது. 'இந்தப் பாதிரியார் கவிதையும் கிரேக்கமுமே கதியென்று கிடக்கிறார், பிரசங்கம் எழுதுவதே இல்லை' என்று யாரோ அவரிடம் கோள் சொல்லியிருந்தார்கள். இன்று பிரசங்கம் இல்லையென்றால் அப்பாவின் வேலை போய்விடும். வீடும் போய்விடும்.

தாம்சின் சமையல்காரியைத் தேடிச் சமையலறைக்கு ஓடினாள்.

"டார்கஸ் அக்கா, அப்பா மேசையில இருந்த தாளுங்களைப் பாத்தீங்களா?"

"அந்தக் கிறுக்கலா? அடிப்பிடிக்காம இருக்க அப்பத்துக்கு ஒண்ணா அடியில போட்டுட்டேனே, பாப்பா!"

பின்னால் வந்த பாதிரியார் தலையில் கைவைத்தார். "கிறுக்கலா? அது திருத்தி எழுதின நல்ல படி!"

"உங்க நல்ல படியும் அப்படித்தான்பா இருக்கும். அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

ஏழைகளுக்காகச் சுட்ட கறி அப்பங்கள் அடுப்பிலிருந்து வெளியே வந்தன. ஒன்றைக் கவிழ்த்தார்கள். தாள் மாவோடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் எழுத்தும் பிய்ந்தது.

"போச்சு. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு."

"பொய்யெல்லாம் சொல்லமாட்டேன். பிய்க்காதீங்க. அப்படியே படிங்க."

"அப்பத்தையா?"

"எழுத்து தெரியுதுல்ல?"

பக்க எண் வரிசைப்படி அப்பங்களைக் கூடையில் அடுக்கினாள் தாம்சின்.

பாதிரியார் மேடையேறினார். மகள் நீட்டிய முதல் அப்பத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். தொண்டையைச் செருமினார்.

"பெருந்தீனி பெரும் பாவம்..."

சபை சிரிப்பில் குலுங்கியது. வழக்கமாகக் குறட்டை விடும் கொல்லர் ஹியூ இன்று கண் இமைக்கவில்லை.

"ஐயா, அந்தப் பக்கம் முடிஞ்சுதா?" என்று கேட்டார் கொல்லர்.

"முடிஞ்சுது."

"அப்போ இங்க தள்ளுங்க!"

"பின்வரிசை ஏழைப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல" என்று தாம்சின் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

ஒவ்வொரு பக்கமும் முடிய முடிய, ஓர் அப்பம் இறங்கியது. பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்தது. கொல்லருக்கும் கிடைத்தது. முன்வரிசையில் பேராயரின் மூக்கு மட்டும் அப்பத்துக்கு அப்பம் திரும்பிக்கொண்டிருந்தது.

கடைசி அப்பம் மேலே போனது. பேராயர் எழுந்துவிட்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு முழுப் பக்கங்க, ஐயா."

"பாதிரியாரே, நீர் பிரசங்கம் எழுதுறீர்னு நான் நம்பிட்டேன். மிச்சத்தை நானே படிச்சுக்கிறேன். கொடும் இப்படி!"

தாம்சின் அதை எடுத்துக்கொண்டு வருவதற்குள், பேராயர் கைக்குட்டையை மடியில் விரித்துவிட்டார்.