பொன்னம்மையின் புல்தைலம்

வாளித் தண்ணீரில் எலுமிச்சை வாசம் வீசும் புல்தைலம் விட்டுப் பொன்னம்மை தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, நாத்தனார் வடிவம்மாள் நாகர்கோவிலிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினாள். ஆரியசாலைச் சந்துக்குள் கார் வராததால் முனையிலிருந்து நடந்து வந்த எரிச்சல் வேறு. கூடத்தில் சாம்பிராணிப் புகை. மாமியார் சிவகாமியம்மாள் படுத்திருந்த அறை ஜன்னலில் நனைத்துக் கட்டிய ராமச்சத் தட்டி, வெட்டிவேர் மணத்தோடு.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை. வெள்ளியும் இல்லாம, விசேஷமும் இல்லாம சாம்பிராணி எதுக்கு மைனி? பொணம் கெடக்க வீட்லதான் இப்படிப் போடுவா. எங்க அம்மை உசிரோட இருக்கா, கேட்டேளா?"

பொன்னம்மை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா வடிவு... மொதல்ல காப்பி குடி."

"காப்பியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அம்மையைப் பாக்க அருவருப்பா இருந்தா சொல்லிரணும். நான் இப்பமே கூட்டிட்டுப் போறேன்."

கணவன் கோலப்பன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். மனைவிக்காக ஒரு வார்த்தை பேசுவான் என்று பார்த்தால், "மனசில்லேன்னா என்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாம் பொன்னு" என்றான்.

அதுதான் அவளைச் சுட்டது. சர்க்கரை வியாதியில் மாமியாருக்குக் காலில் ஆறாத புண். எட்டு மாதத்துக்கு முன் பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரி வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். அன்று கிழவி மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை! 'இந்த வாடை ஒனக்கு மட்டும் தெரிஞ்சாப் போரும் மக்களே. நான் பெத்ததுகளுக்குத் தெரியாண்டாம்... சத்தியம் பண்ணு.' அன்று முதல் கோலப்பன் வெளியே போன பிறகே பொன்னம்மை புண்ணைக் கழுவிக் கட்டினாள். சத்தியம் செய்தவள் இப்போது எப்படி வாய் திறப்பாள்? தாயைப் போல ஒட்டிக்கொண்ட உயிரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பதற்றத்தில் அறை வாசலை மறித்தாற்போல் போய் நின்றாள்.

"வடிவு... இங்க வா" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

மூவரும் உள்ளே போனார்கள். கிழவி எழுந்து உட்கார்ந்து, காலில் போட்டிருந்த கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, வேண்டாம்..." என்று பொன்னம்மை ஓடினாள்.

"நீ சும்மா இருட்டீ. ஒனக்காக நான் நாணம் கெட்டாப் பரவாயில்லே."

கடைசிச் சுற்று விழுந்தது. சாம்பிராணியையும் ராமச்சத்தையும் மீறி வாடை எழும்பியது. வடிவம்மாளின் கை தானாகவே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனது. கோலப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பாத்தியா மக்களே... ஒன்னைக் குத்தம் சொல்லல்லே. எட்டு மாசமா இவ ஒரு நாளு மூக்கைப் பொத்தல்லே. வீடு மணக்கணும்னு கெஞ்சினது நானாக்கும். எனக்காகப் பழிச்சொல்லும் கேட்டுட்டு நிக்கா."

முந்தானை மெல்லக் கீழே இறங்கியது. வடிவம்மாள் அழுதுகொண்டே கட்டிலருகில் தரையில் உட்கார்ந்து, தாயின் காலை எடுத்துத் தன் பட்டுச்சேலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மை இங்கயே இருக்கட்டும் மைனி. நான் போயி அந்தக் காரைத் திருப்பி அனுப்பணும்... அதுக்கு முன்ன, இதை எப்படிக் கழுவிக் கட்டணும்னு எனக்கும் காட்டித் தாங்க."

பொன்னம்மையின் கண்கள் நிறைந்துவிட்டன. கோலப்பன் யாரும் சொல்லாமலே அடுக்களைக்கு வெந்நீர் எடுக்கப் போனான்.